நான் அழித்த வெள்ளை

மொட்டைத் தலைகளைப் படம் எடுத்துத்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. திருத்தணி மலையில் முடியிறக்கி, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வருகிறவர்கள், குழந்தைக்கு முதல் மொட்டை என்றால் ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழையாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். செல்போன் வந்த பிறகும் இந்த ஒன்று மட்டும் மாறவில்லை. ஃப்ரேம் போட்ட படம் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும்.

என் கணவர் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்வேன். கத்தி பட்டுக் கீறிய தலை, கொசு கடித்துத் தடித்த கன்னம், ஒழுகும் மூக்கு, அழுது வீங்கிய இமை எல்லாம் என் கையில் காணாமல் போய்விடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. படத்தை வாங்கிப் பார்க்கிற தாயின் முகம் மலர்வதற்காகவே சில படங்களில் கூடுதலாக நேரம் செலவழிப்பேன்.

எங்கள் கடைக்குப் பின் தெருவில் வளர்ந்த ஒரு பெண். அவளுடைய பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படம், கல்யாணப் படம், வளைகாப்புப் படம் எல்லாமே நாங்கள் எடுத்தவைதான். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், பெண் குழந்தை பிறந்த பிறகு இங்கேயே தங்கிவிட்டாள். கணவர் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருவார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆனபோது, மொட்டை போட்டுக் காது குத்திக்கொண்டு மலையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார்கள். அன்று ஸ்டுடியோவின் குடை லைட்டில் பல்ப் போயிருந்தது. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷை வைத்து என் கணவர் எடுத்தார். கிலுகிலுப்பையை ஆட்டியதும் குழந்தை சிரித்துவிட்டாள். பதினான்கு படம் எடுத்தோம். நான் அவற்றைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இந்தப் பக்கக் கண்ணப் பாருங்களேன். பூனக் கண்ணு மாதிரி மின்னுது. என் போன்ல எடுத்தாலும் சில வாட்டி இப்படித்தான் வருது."

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தையின் வலது கண்மணி சிவந்திருந்தது. ஃபிளாஷ் போட்டால் வழக்கமாக வருகிற சிவப்புதான். இடது கண்மணி வெள்ளையாக, லேசான மஞ்சள் கலந்து, உள்ளே யாரோ விளக்கு வைத்ததுபோல இருந்தது.

"ஃபிளாஷ் வெளிச்சம் நேரா உள்ள பூந்தா அப்படித்தான்மா வரும். எத்தன கொழந்தைங்களப் பாத்துகினு இருக்கேன். நான் சரி பண்ணித் தர்றேன்."

"வேற ஒண்ணும் இல்லியேக்கா?"

"ஒண்ணும் இல்ல. கண்ணு லட்சணமா கீது. உன் கண்ணேதான்."

அவள் சிரித்தாள். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வலது கண்ணின் சிவப்பைக் கறுப்பாக்கினேன். பிறகு அந்தக் கறுப்புக் கண்மணியை, அதன் ஓரத்தில் இருந்த சின்ன ஒளிப்புள்ளியோடு சேர்த்து எடுத்து, இடது கண்ணின் மேல் வைத்தேன். ஓரங்களை மெழுகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படம் அழகாக வந்தது. அதை அவர்கள் பெரிதாக்கி, தங்க நிற ஃப்ரேம் போட்டு எடுத்துப் போனார்கள்.

இதன் பிறகு எட்டு மாதம் நான் அந்தக் கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை. அவள் தெருவில் போவாள், வருவாள். குழந்தை நடக்கத் தொடங்கியது. கடை வாசலில் நின்று, "ஆன்ட்டிக்கு டாட்டா சொல்லு" என்பாள்.

அடுத்து நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். அங்கன்வாடியில் மாதாமாதம் தரும் சத்துமாவு பாக்கெட்டை வாங்கப் போயிருக்கிறாள். அன்று அங்கே கண் பரிசோதனைக் குழு வந்திருந்தது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் பார்ப்பதாக ஏற்பாடு. இவள் இடுப்பிலிருந்த குழந்தை அவர்களுடைய கண் பார்க்கும் கருவியிலிருந்து வரும் குருவிச் சத்தத்தைக் கேட்டுக் கையை நீட்டியிருக்கிறது. "வாங்க, இந்தக் குட்டியையும் பாத்துடலாம்" என்று பரிசோதனை செய்த பெண் கூப்பிட்டிருக்கிறாள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், கருவி வலது கண்ணை உடனே படித்துவிட்டது. இடது கண்ணுக்கு எண் எதுவும் வரவில்லை. மறுபடி, மறுபடி என்று நாலைந்து முறை பார்த்திருக்கிறாள். குழந்தை அசைகிறது என்று அங்கன்வாடி டீச்சர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கேட்கவில்லை. அறையை இருட்டாக்கச் சொல்லி, டார்ச் மாதிரி இன்னொரு கருவியை எடுத்து இரண்டு கண்களையும் பார்த்திருக்கிறாள். பிறகு, "இன்னிக்கே சென்னைக்குப் போங்கம்மா, நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். இடது கண்ணின் உள்ளே, விழித்திரையில் கட்டி. குழந்தைகளுக்கு மட்டுமே வருகிற புற்றுநோய். கண் முழுக்க நிறைந்திருந்தது. வலது கண்ணில் எதுவும் இல்லை. கண்ணை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள்.

"எப்பலேர்ந்து வெள்ளையாத் தெரியுது?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். குழந்தையின் அப்பா செல்போனைத் திறந்து, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மொட்டைப் படத்தைக் காட்டியிருக்கிறார். "பாருங்க சார், பதினோரு மாசத்துல நல்லாத்தான் இருந்துச்சு." டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது பிறகு வந்து வேகமாக வளர்ந்ததாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டிருக்கிறார். இவள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை நான் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அந்தத் தங்க நிற ஃப்ரேம். கடை பெஞ்சில் உட்கார்ந்து, மேலே நான் சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே என் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு எடுத்ததெல்லாம் உங்ககிட்ட இருக்கா? நீங்க சரி பண்றதுக்கு முன்னாடி இருந்த படம். என் பழைய போனு தண்ணில உழுந்து போச்சு. டாக்டருக்குக் காட்டணும்."

என் கணவர் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். போனேன். மிகச் சன்னமாகச் சொன்னார்: "பழசெல்லாம் அழிச்சாச்சுன்னு சொல்லிடு. நாளைக்கு நம்ம மேல திரும்பும்."

அப்படியே சொல்லிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் வெளியே வந்து அவளைப் பார்த்தபோது, அவள் என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து ஹார்ட் டிஸ்கை மாட்டினேன்.

பதினான்கு படங்களும் அப்படியே இருந்தன. குழந்தை நேராகப் பார்த்த ஒவ்வொன்றிலும் இடது கண் வெள்ளை. சிரிக்கிற படத்தில் இன்னும் பளிச்சென்று. அவள் எழுந்து வந்து, அன்று நின்ற அதே இடத்தில், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அக்கா, நீங்க அன்னிக்கே பாத்தீங்க இல்ல."

"ஆங். பாத்தேன்."

"நான் கேட்டேன் இல்ல."

"கேட்டம்மா."

பென்டிரைவை நீட்டினாள். படங்களை ஏற்றிக் கொடுத்தேன். அது ஏறி முடிகிறவரை இரண்டு பேரும் திரையில் நகரும் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஃப்ரேம் போட்ட படத்தை மேஜை மேல் விட்டுவிட்டுப் போனாள். மறந்து விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கணவர் வந்தார். நல்ல மனிதர். ஒருமுறைகூட அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பேசினார்.

"ஃபிளாஷ் லைட்டுன்னு சொன்னீங்களாமே? அந்தப் படத்தக் காட்டி டாக்டருகிட்ட நானே பொய் சொல்லிட்டு வந்துகிறேன்."

"தம்பி, நாங்க என்ன டாக்டரா? எங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார் என் கணவர்.

"டாக்டர் இல்லன்னா, தெரியலன்னு சொல்லிருக்கணும் இல்ல? ஏன் ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க?"

அந்தக் கேள்வியை இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கடைப் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் கணவர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கவில்லை.

அந்த வாரமே குழந்தையின் கண்ணை எடுத்துவிட்டார்கள். கட்டி நரம்பு வழியாகக் கொஞ்சம் உள்ளே போயிருக்கக்கூடும் என்று சந்தேகித்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றச் சொன்னார்கள். விடிகாலை ரயிலில் சென்னைக்குப் போவதும், இரண்டு நாள் கழித்து வருவதுமாக அவர்கள் ஆறு மாதம் அலைந்தார்கள். நான் அவர்கள் வீட்டுக்கு ஒரு முறை போனேன். அவளுடைய அம்மா வாசலிலேயே நின்று, "பாப்பா தூங்குது" என்றார். உள்ளே குழந்தை பேசும் சத்தம் எனக்குக் கேட்டது. வாங்கிப் போயிருந்த ஆரஞ்சுப் பழங்களை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மருந்து ஏற ஏற, மொட்டைக்குப் பிறகு சுருள் சுருளாக வளர்ந்திருந்த முடியெல்லாம் குழந்தைக்குக் கொட்டிவிட்டது. வேறு ஊராக இருந்தால் முடியில்லாத குழந்தையைப் பார்த்து யாராவது பதறியிருப்பார்கள். எங்கள் ஊரில் மொட்டைக் குழந்தையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஒரு நாள் எங்கள் கடைக்கு எதிரே பூக்கட்டும் அம்மாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போன அவளைப் பார்த்து வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

"மறுக்காவும் மொட்டையா? இன்னாம்மா வேண்டுதல்?"

அவள் நிற்கவில்லை. "ஆங், வேண்டுதல்தாங்க" என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போனாள். நான் கடைக்குள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்று முழுக்க என்னால் ஒரு படத்தையும் தொட முடியவில்லை.

மறு வருடம் அந்தப் பரிசோதனைக் குழு மறுபடி வந்தது. அங்கன்வாடி டீச்சர் எனக்குப் பழக்கம். கேட்டுக்கொண்டு போனேன். அந்தக் கருவியை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

பார்த்தால், கொஞ்சம் பெரிய கேமரா மாதிரிதான் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளையிடமிருந்து ஒரு கை நீளத்துக்கும் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். ஜன்னலில் ஒரு பழைய புடவையைக் கட்டி அறையை மங்கலாக்கியிருந்தார்கள். கருவிக்குள் சின்னச் சின்ன விளக்குகள் வண்ணமாக மின்னுகின்றன, குருவி கத்துகிறது. பிள்ளை என்னவென்று பார்க்கிற அந்த நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டாம், வாய் திறந்து பதில் சொல்ல வேண்டாம். பால்குடிக் குழந்தைக்குக்கூடப் பார்க்கலாம். கண்ணாடி தேவையா, மாறுகண்ணா, இரண்டு கண்ணும் ஒரே அளவு பார்க்கிறதா என்று திரையில் வந்துவிடுகிறது. நானும் என் கணவரும் கிலுகிலுப்பை ஆட்டுவதும் இதற்குத்தானே என்று நினைத்தேன்.

கூட்டம் குறைந்ததும், அன்று குழந்தையைப் பார்த்த அதே பெண்ணிடம் நான் யார் என்று சொன்னேன். அவளுக்குக் குழந்தையை நினைவிருந்தது. நான் செய்ததையும் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. கருவியைத் துணியால் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சம் கண்ணுக்குள்ள போய், பின்னாடி விழித்திரைல பட்டுத் திரும்பி வருது மேடம். ரத்த ஓட்டம் இருக்கறதால சிவப்பா வரும். உள்ள கட்டியோ புரையோ இருந்தா அதுல பட்டு வெள்ளையா வரும். உங்க கேமராவும் அதத்தான் காட்டிருக்கு."

"அப்ப உங்க மிஷினு கண்டுபுடிச்சத என் கேமரா எட்டு மாசம் முன்னாடியே கண்டுபுடிச்சிருக்கு."

"மிஷினு கண்டுபுடிக்கல மேடம். அதுக்குக் கட்டின்னெல்லாம் தெரியாது. அந்தக் கண்ண அதால படிக்க முடியல, அவ்ளோதான். ஏன் முடியலன்னு நான் பாத்தேன்."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அப்போதே அனுப்பியிருந்தால் கண் பிழைத்திருக்குமா?

அவள் கருவியைப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சொல்ல முடியாதுங்க. சின்னதா இருந்திருந்தா லேசர், மருந்துன்னு முயற்சி பண்ணிருப்பாங்க. பொழச்சிருக்கலாம். இல்லாமயும் போயிருக்கலாம்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. படத்தில் வருகிற வெள்ளையெல்லாம் நோய் இல்லை, கண் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தாலும் சில சமயம் அப்படித் தெரியும், ஆனாலும் பார்த்துவிடுவதுதான் நல்லது என்று மட்டும் கிளம்பும்போது சொன்னாள்.

அதிலிருந்து, குழந்தைகளின் படத்தைத் திறந்தால் முதலில் கண்ணைப் பார்க்கிறேன். வெள்ளை தெரிந்தால் அழிக்காமல் அவர்களிடம் காட்டுகிறேன். இது சொல்வதுபோல எளிதாக இல்லை. நகரி பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், சுபகாரியத்துக்கு வந்த இடத்தில் இப்படிப் பேசலாமா என்று தெலுங்கில் திட்டிவிட்டு, படம் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டது. மணவூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, நான் சொன்னதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பி வந்து, "ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. ரெண்டு நாளு சோறு எறங்கல எங்களுக்கு" என்று சண்டை போட்டாள். நான் கேட்டுக்கொண்டேன். ஒரே ஒரு குழந்தைக்குப் பிறவிப் புரை இருந்தது, அறுவை சிகிச்சை செய்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் யாரிடமாவது பேசத் தொடங்கினால் என் கணவர் வெளியே போய் நின்றுகொள்கிறார். பின் தெருப் பெண்ணின் குடும்பம் எங்கள் கடைக்கு மறுபடி வரவில்லை. அடுத்த பிள்ளைக்கு மொட்டை போட்டபோது, கடைவீதியில் வேறு ஸ்டுடியோவுக்குப் போனார்கள்.

சில மாதங்களுக்கு முன் அரக்கோணத்துக்குப் போக ஸ்டேஷனில் நின்றிருந்தேன். நடைமேடையில் அவள் இருந்தாள், அந்தக் குழந்தையோடு. பரிசோதனைக்காக இன்னும் நாலு மாதத்துக்கு ஒரு முறை சென்னைக்குப் போகிறார்கள். குழந்தைக்கு இப்போது நான்கு வயது ஆகப்போகிறது. இடது கண்ணில் செயற்கைக் கண். தெரியாதவர்களுக்குச் சட்டென்று தெரியாது. பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடி வந்தவள், இடது பக்கம் இருந்த பால் கேனைக் கவனிக்காமல் மோதி விழுந்தாள். அழவில்லை, பழகியவள்போல எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். நான்தான் பிஸ்கட்டைப் பொறுக்கிக் கொடுத்தேன். அப்போதுதான் அவள் அம்மா என்னைப் பார்த்தாள்.

திரும்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். பெஞ்சில் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"உங்க மேல கோவம் இருக்குக்கா," என்றாள். "இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்மா."

"ஆனா ராத்திரியில அது வர்றதில்ல. வேற ஒண்ணுதான் வருது. பால் குடுக்கறப்ப, சாயங்கால வெளிச்சத்துல அந்தக் கண்ணு மின்னும். எத்தன வாட்டி பாத்திருப்பேன். உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு. அந்த வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்துச்சுக்கா. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேனோ என்னவோ."

"நீ அம்மா. கேக்க வேண்டியதக் கேட்ட. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னது நான்."

குழந்தை அவள் மடியில் சாய்ந்து, என் கையிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் முகத்தை இடது பக்கமாகத் திருப்பி வைத்துத்தான் பார்க்கிறாள். அப்போதுதான் அந்த ஒரு கண்ணுக்கு எதிரில் எல்லாம் வரும்.

ரயில் வந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். எனக்கும் அதே ரயில்தான். நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். அரக்கோணத்தில் இறங்கி, அவர்கள் பெட்டியைக் கடந்துதான் படிக்கட்டுக்குப் போக வேண்டியிருந்தது. குழந்தை ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். தலையசைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.